பூனைக்குப் போட்ட கோழி ஊசி

இன்று காலை வீட்டுப் பூனையைத் தடுப்பூசிக்குத் தூக்கிப் போயிருந்தேன். டாக்டரம்மா பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டதும் உங்கள் ஞாபகம் வந்தது. போய்ச் சேர்ந்து இத்தனை வருடம் ஆகியும், என் மூக்கு வழியாக வந்துபோகும் உரிமையை நீங்கள் விடவில்லை.

அறுபதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் உங்களை எல்லோரும் டாக்டர் என்றார்கள். கால்நடை மருந்தகத்தில் கம்பவுண்டராக இருந்தவர் என்பதை நீங்கள் மறந்திருந்தீர்கள். மற்றவர்கள் மரியாதைக்காக மறந்தார்கள். ஒரு கோடையில் ஊர்ப் பூனைகள் வாந்தியெடுத்து, கழிந்து, தண்ணீர்ச் சட்டிமேல் தலையைத் தொங்கப்போட்டுக் குடிக்க முடியாமல் செத்தன. என் பருத்திக்கொட்டைக் கடையின் பின்னால், மூட்டை அடுக்கிய கிட்டங்கியில் நான்கு பூனைகள். உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் கொண்டுவந்தது கோழிகளின் வெள்ளைக்கழிச்சலுக்கான ஊசி. அதுவும் ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டியது, மதுரையிலிருந்து பஸ்ஸில், உங்கள் மடியில் வெயில் காய்ந்து வந்த மருந்து.

"இது கோழிக்குல்ல போடுவாக?"

"கழிச்சல்னா கழிச்சல்தான் அண்ணாச்சி. கோழிக்கு ஒரு கழிச்சல், பூனைக்கு ஒரு கழிச்சலா?"

தமிழை இவ்வளவு நம்பிய வைத்தியரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஊசி போட்ட நான்கில் மூன்று செத்தன. கருப்பி மட்டும் நின்றாள். முந்தின வருடமே இந்த நோயில் கிடந்து எழுந்தவள் அவள். ஒருமுறை அம்மை கண்ட பிள்ளைக்கு மறுமுறை வராத மாதிரிதான். உங்களிடம் சொன்னேன். "அத எதுக்கு வெளிய சொல்லிக்கிட்டு?" என்று சிரித்தீர்கள். நானும் சொல்லவில்லை. ஊசியில் பிழைத்த பூனையைப் பார்க்கக் கடைக்கு ஆட்கள் வந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

பாலவனத்தத்திலிருந்து ஒரு அம்மா ஓலைப்பெட்டியில் மூன்று பூனைகளோடு வந்தார். நோய் அவர் தெருவுக்கே வரவில்லை. வருமுன் காக்க வந்திருந்தார். வீட்டுக் குலுக்கையில் இருந்த கம்புதான் அடுத்த வெள்ளாமை வரை பிள்ளைகளுக்குச் சோறு. எலியிடமிருந்து அதைக் காக்க அந்த மூன்றையும் விட்டால் ஆளில்லை.

"அவுக ஊசி கேக்குமா அண்ணாச்சி?"

கருப்பியைத் தூக்கிக் காட்டினேன். "இந்தா, சாட்சி."

நோய்ப் பூனைகள் வாந்தியெடுத்த அதே சாக்கின்மேல், உங்கள் அறையில், அவை முறைக்காகக் காத்திருந்தன. அந்தக் கிருமி அப்படி மாதக்கணக்கில் கிடக்கும் என்று டாக்டரம்மா இன்றைக்குச் சொன்னார். ஒரு வாரத்தில் மூன்றும் போயின. "முன்னாடியே கொண்டாந்திருக்கணும்" என்று அந்த அம்மாவைக் கடிந்துகொண்டீர்கள். வராத நோய்க்கு எவ்வளவு முன்னாடி வருவது என்பதை நீங்கள் விளக்கவில்லை.

சில மாதம் கழித்து அவர் கடைக்கு வந்தார். பாதிக் கம்பை எலி தின்றுவிட்டது. மீதியைக் கூழாக்கி ஒரு வேளைதான் ஊற்றுகிறேன் என்றார். குரலில் கோபமே இல்லை.

"ஒங்க கருப்பியாச்சும் நல்லாருக்கா அண்ணாச்சி?"

"நல்லாருக்கு" என்றேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. உங்கள் மேலுள்ள கோபத்தை எப்போது எடுத்துப் பார்த்தாலும் அதில் பாதிக்கு மேல் எனக்குரியதாக இருக்கிறது. அதற்காகவும் சேர்த்தே உங்களை நான் மன்னிக்கவில்லை.