கேரியர் இல்லாத வண்டி

வீடு முழுக்கப் புது டயர் வாசனை அடிக்கிறது. நீங்கள் சாய்ந்து உட்கார்ந்து காப்பி குடிக்கும் சுவரில் இப்போது ஒரு சைக்கிள் சாய்ந்து நிற்கிறது. கறுப்பு வண்டி. டயர் என் மணிக்கட்டை விடத் தடிமன், அதில் பல் பல்லாக ரப்பர்க் கட்டைகள், பல்லிடுக்கில் ஏரிக்கரைச் செம்மண். மலையில் ஓட்டுகிற வண்டி என்று சைக்கிள் கடைத்தம்பி சொன்னான். நம் ஊரில் மலை ஏது, ஊர்ப் பேரில்தான் இருக்கிறது.

காலையில் உங்கள் அக்கா வந்தார். வாசலிலேயே நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“இன்னாடி இது, வூட்டுக்குள்ள ரப்பர் நாத்தம்?”

“வண்டி வாங்கிருக்கேன் அண்ணி.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். என் சுடிதாரைப் பார்த்தார். அதில் தெறித்திருந்த மண்ணைப் பார்த்தார். “தம்பி போயி அஞ்சு மாசந்தான் ஆவுது. வருஷம் திரும்பட்டும்னு இல்லாம கியரு வண்டி கேக்குதா ஒனக்கு? ஊரு இன்னா பேசும்?”

“பஞ்சர் ஆனா ஊரா வந்து ஒட்டித் தரப்போவுது? பேசிட்டுப் போவட்டும் அண்ணி.”

இருபத்திரண்டு வருஷத்தில் உங்கள் அக்காவை ஒரு நாளும் நான் எதிர்த்துப் பேசியதில்லை. அவர் போன பிறகு கதவைச் சாத்தினேன். அந்தக் கையோடுதான் இதை எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள், பிழை இருக்கும். நீங்கள் திருத்த வேண்டாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோட்டில் நீங்கள் வட்டம் போட்டு வைத்த வண்டியை நான் வாங்கவில்லை.

அந்த நாற்பது பக்க நோட்டை நான் எத்தனை நாள் திட்டியிருப்பேன்! பீங்கான் கம்பெனியில் சூளை பார்த்துவிட்டு வந்து, குளித்து, சாப்பிட்டு, கைபேசியில் சைக்கிள் வீடியோவாகப் பார்த்துப் பார்த்து அதில் எழுதுவீர்கள். எந்த வண்டிக்கு முன்னால் குலுக்கல் தாங்குகிற ஷாக் இருக்கிறது, எதற்கு டிஸ்க் பிரேக், சக்கரம் எவ்வளவு பெரிசு, எத்தனை கியர். எழுதுவது, அடிப்பது, மறுபடி எழுதுவது. இரண்டு வருஷம். பெண் பார்க்க வந்தபோது என்னை இரண்டு நிமிஷம்தான் பார்த்தீர்கள்.

எல்லாம் அந்த நாரைகளால் வந்தது. கல்யாண போட்டோ எடுக்கிறவரிடம் பழைய கேமரா ஒன்றை விலைக்கு வாங்கினீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதை எடுத்துக்கொண்டு ஏரிக்குக் கிளம்புவீர்கள். நீங்கள் மொபெட்டை ஓட்ட, பின்னால் நான். கேமரா என் மடியில். பள்ளம் வரும்போதெல்லாம் அதை இரண்டு கையாலும் மேலே தூக்கிக்கொள்வேன், கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி. எனக்கு நாரையும் தெரியாது, ஏரியும் தெரியாது. உங்கள் முதுகுதான் தெரியும். முந்திரிக்காடு தாண்டி மணல் தடம் வந்ததும் மொபெட் உறுமும். அந்தச் சத்தத்துக்கே கருவேல மரத்தில் இருந்த நத்தைகுத்தி நாரை அத்தனையும் எழும்பிப் போய்விடும். நாம் போய்ச் சேரும்போது வெறும் கூடும் எச்சமும்தான்.

“சத்தம் இல்லாத வண்டி வேணும். மணல்ல போவணும், கல்லுல போவணும், கேமரா ஆடக் கூடாது” என்றீர்கள்.

“வாங்கிடுங்களேன்.”

“சூடு எறங்கட்டும்.”

எதற்கெடுத்தாலும் அதுதான் சொல்வீர்கள். சூளையில் சூடு இறங்குமுன் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கிற அத்தனை கப்பும் விரிசல் விட்டுவிடும். அது உங்கள் தொழில் கற்றுக்கொடுத்த பொறுமை. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் போன ஆவணியில், மதியச் சோற்றுக்குப் பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களே, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் ஆட்டோவைக் கூப்பிட ஓடினேனே, அப்போதும் அதையேதான் சொன்னீர்கள். “கேஸுதான். சூடு எறங்கட்டும், சாயந்தரமா பாக்கலாம்.” சாயங்காலம் வரை நீங்கள் இருக்கவில்லை.

அதனால்தான் எனக்கு யார் பொறு என்றாலும் பற்றிக்கொண்டு வருகிறது. வருஷம் திரும்பட்டும், திதி முடியட்டும், மனசு தேறட்டும். இப்போது தை மாசம். ஏரியில் தண்ணீர் கரையை விட்டுக் கீழே இறங்கிவிட்டது. தண்ணீர் வற்றினால் நத்தை இல்லை. நத்தை இல்லாவிட்டால் நாரை இல்லை. வருஷம் திரும்புகிற வரை அவை எனக்காகக் கருவேல மரத்தில் உட்கார்ந்திருக்குமா? நீங்கள் எடுக்க நினைத்த நாரைப் படத்தை இந்த வருஷம் எடுத்தே தீர்வது என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் இல்லாவிட்டால் கேமரா பீரோவுக்குள் கிடக்க வேண்டும் என்று யார் சொன்னது?

நேற்று சைக்கிள் கடைக்குப் போனேன். போகும்போது பையில் நான்கு கப் எடுத்துப்போனேன். சூளைக்குப் போகாத பச்சைக் கப். நம் கம்பெனி சூப்பர்வைசரிடம் கேட்டேன், வாய் கோணிப்போனது நாலு இருக்குது, எடுத்துக்க என்றார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

கடைத்தம்பி என்னைப் பார்த்ததும், “லேடீஸ் வண்டி இருக்குதுக்கா, முன்னால கூடை வெச்சது. காய்கறி வாங்கியாற சவுகரியமா இருக்கும்” என்றான்.

“காய்கறிக்கு நான் நடந்தே போவேன். இது காட்டுக்கு.”

“காட்டுல இன்னா வேல?”

“போட்டோ எடுக்க.”

அவன் கூடை வண்டியை ஓரமாகத் தள்ளினான். நான் உங்கள் வட்டத்துக்குள் இருந்த வண்டியின் பேரைச் சொன்னேன். எடுத்து வந்து நிறுத்தினான். அழகான வண்டிதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். முன்னால் இரண்டு பக்கமும் ஷாக், பெரிய சக்கரம். நான் ஒரு கப்பைத் துணியில் சுற்றிப் பையில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டினேன்.

“இது இன்னாக்கா, டீ கப்பா?”

“பச்சக் கப்பு. சும்மா விரலால தட்டினாலே ஒடஞ்சிடும். இது ஒடையலன்னா கேமராவும் ஒடையாது.”

“எங்க கடையில வண்டிக்கு இந்த மாதிரி டெஸ்ட்டு இதான் மொதல் தடவ” என்று சிரித்தான்.

கடைக்குப் பின்னால் கருங்கல் ஜல்லி கொட்டின மண் ரோடு ஒன்று இருக்கிறது. ஒரு சுற்றுப் போய் வந்து பையைப் பிரித்தால் உள்ளே பொடி. ஷாக் வைத்த வண்டியிலேயே!

“பை ஆடுனா வண்டி இன்னாக்கா பண்ணும்?” என்றான். அதுவும் நியாயம்தான். இரண்டாவது கப்பை முதுகுப் பையில் வைத்துக்கொண்டேன். இந்த முறை ஓட்டம் சரியாகத்தான் இருந்தது. நிறுத்தும்போதுதான் கால் தரைக்கு எட்டவில்லை. அது உங்கள் உயரத்துக்கு வட்டம் போட்ட வண்டி. ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தேன். கப் மறுபடியும் மண்ணாய்ப் போனது. முழங்கையில் சிராய்ப்பு. தம்பி ஓடி வந்து, “வாணாங்க்கா, கூடை வண்டியே எடுத்துக்கங்க” என்றான்.

“அந்தக் கறுப்ப எடு.”

வண்டியின் சட்டம் சிறிசு. ஷாக் கிடையாது. டயர் மட்டும் தடியாக இருந்தது. நின்றால் இரண்டு பாதமும் தரையில் பதிந்தது. உட்கார்ந்து ஓட்டினேன். மூன்றாவது கப்பின் காது ஒடிந்தது. டயரை அமுக்கிப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. “காத்தக் கொஞ்சம் எறக்கு தம்பி” என்றேன். அரைமனதோடு இறக்கினான்.

கடைசிக் கப். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. பதினெட்டு வருஷமாக நான் என்ன வேலை செய்கிறேன்? பலகை நிறையப் பச்சைக் கப்பை அடுக்கித் தோளில் வைத்துக்கொண்டு, மேடும் பள்ளமுமான தரையில் காயவைக்கிற ரேக் வரைக்கும் நடக்கிறேன். ஒரு கப் உடைந்ததில்லை. முழங்கால் தளர்ந்திருக்க வேண்டும், இடுப்புக்குக் கீழே ஆடலாம், மேலே ஆடக் கூடாது. என் தோளிலா ஷாக் வைத்திருக்கிறார்கள்? சீட்டை விட்டு எழுந்து, பெடலில் நின்று, முழங்காலை மடக்கிக்கொண்டு ஜல்லியில் விட்டேன். திரும்பி வந்து பையைப் பிரித்தேன்.

கப் அப்படியே இருந்தது. காதும் இருந்தது.

“இதக் குடு” என்றேன்.

இரண்டு வருஷம் நீங்கள் எழுதி எழுதி அடித்ததை நான் ஒரு காலையில் நாலு கப்பில் முடித்தேன். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

பணத்தை உங்கள் நோட்டுக்குள் வைத்திருந்தேன். அதை வெளியே எடுத்ததும் கடைத்தம்பி நோட்டையே பார்த்தான்.

“இது அந்த அண்ணனோட நோட்டாச்சே? வேற கடையில எடுத்துட்டாருன்னு நெனச்சேன். ஆளையே காணம்.”

“இல்லப்பா. அவுரு ஆவணியில தவறிட்டாரு.”

அவன் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான். “மாசம் ஒருவாட்டி வருவாருக்கா. அந்தப் பெரிய வண்டிகிட்டதான் நிப்பாரு. எப்பயும் ஒரே கேள்விதான். பின்னால ஒராளு உக்காற மாதிரி கேரியர் போட முடியுமா, காட்டுப் பள்ளத்துல தாங்குமான்னு. நான் முடியாதுண்ணே, இது ஒத்தயாளு வண்டிம்பேன். அப்ப யோசிக்கிறேன்னு போயிடுவாரு.”

எனக்கு நோட்டில் ஒரு பக்கம் ஞாபகம் வந்தது. ஒரு நாள் நீங்கள் காட்டிய வண்டிப் படத்தைப் பார்த்துவிட்டு, “இதுல கேரியரே இல்லியே, நான் எங்க உக்காருவேன், உங்க தலையிலயா?” என்று கேட்டேன். நீங்கள் பேனாவை எடுத்தீர்கள். நோட்டில் ‘கேரியர்?’ என்று எழுதினீர்கள். அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. என்னை விட்டுவிட்டுப் போகத் தயாராகிவிட்டீர்கள் என்று அன்றைக்கு நினைத்தேன். இரண்டு வருஷமும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் அழுவேன் என்று அந்தத் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நீங்கள் காத்திருந்தது சூடு இறங்குவதற்கு இல்லை. எனக்கு இடம் தேடிக்கொண்டிருந்தீர்கள். அதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன? கல்யாணத்துக்கு முன்னால் நல்லூர்ப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்துக்கெல்லாம் எங்கள் அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் போனவள் நான். உங்களிடம் சொல்லியிருக்கிறேன். மறந்துவிட்டீர்கள். நானும்தான் மறந்துவிட்டேன், அதையும் சொல்ல வேண்டும். மொபெட்டில் பின்னால் ஏறி உட்கார்ந்த அன்றைக்கே மறந்துவிட்டேன். கேட்டிருந்தால் ஆளுக்கொரு வண்டி என்றிருப்பேன். இரண்டு தை மாசம் நாரை பார்த்திருப்போம். என்னால் நின்றுபோனது என்கிற பாரத்தை என் தலையில் வைத்துவிட்டுப் போகப் பார்க்காதீர்கள். நான் சுமக்க மாட்டேன்.

“கேரியர் ஒண்ணு சும்மாவே மாட்டித் தரேன்க்கா. சாமான் கீமான் வெச்சிக்கலாம்” என்றான் தம்பி.

“வாணாம்” என்றேன்.

இன்று விடிந்ததும் கிளம்பினேன். முந்திரிக்காட்டு மணலில் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன், பொய் சொல்ல மாட்டேன். ஓர் இடத்தில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டேன். ஆனால் சத்தம் இல்லை. என் மூச்சுச் சத்தம்தான். கரையில் ஏறியபோது கருவேல மரம் முழுக்க நாரை. ஒன்றுகூட எழும்பவில்லை. தண்ணீரில் நின்ற ஒரு நாரை என்னைப் பார்த்துவிட்டு மறுபடி நத்தையைக் குத்தப் போய்விட்டது. கேமராவில் எந்தப் பட்டன் என்று எனக்குத் தெரியும், அத்தனை நாள் மடியில் வைத்திருந்தேன் அல்லவா. முதல் ஆறு படம் கலங்கலாக வந்தது. ஏழாவதில் நாரை இருக்கிறது, குஞ்சு இருக்கிறது, மூடின அலகின் நடுவில் இருக்கிற அந்த இடைவெளிகூடத் தெரிகிறது. கால் மட்டும் வெட்டுப்பட்டுவிட்டது.

“கால உட்டுட்டியே” என்பீர்கள். விட்டேன். நாளைக்கும் போவேன்.

வீட்டுக்கு வந்து, உங்கள் அக்கா வந்து போன பிறகு, நோட்டை எடுத்தேன். ‘கேரியர்?’ என்று நீங்கள் எழுதியதற்குக் கீழே என் கோழிக்கிறுக்கலில் எழுதினேன்: ‘வேண்டாம். நானே ஓட்டுகிறேன்.’

அத்தனை வருஷம் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு போனேன். இப்போது என் முதுகில் உங்கள் கேமரா இருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது அது லேசாகத் தோளில் தட்டுகிறது. மெதுவாகப் போ என்கிறீர்களோ என்னவோ. நான் மெதுவாகப் போவதாக இல்லை. கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.