புல்லுக்குக் காவல்

ஜூன் 9, திங்கள்

லாரியில் புல் வந்தது. பாயைச் சுருட்டின மாதிரி சுருள் சுருளாக இறக்கி, செம்மண் மேல் விரித்தார்கள். இந்தத் தேர்வாய் கண்டிகை கம்பெனிக்கு வந்ததிலிருந்து எத்தனையோ பார்த்துவிட்டேன், புல்லை விரிப்பது இதுதான் முதல் தடவை. மாட்டுக்கு ஆகுமா என்று கேட்டேன். தோட்ட சூப்பர்வைசர் சரவணகுமார் சிரிக்கவில்லை. காலையிலும் சாயங்காலமும் தண்ணீர் விட வேண்டும், உச்சி வெயிலில் கூடாது, வேர் பிடிக்கும்வரை ஒரு கால் படக்கூடாது என்றார். அடுத்த மாசக் கடைசியில் வெளிநாட்டிலிருந்து கம்பெனிப் பெரியவர்கள் வருகிறார்களாம்.

"பச்சையா இருந்தா நீ இங்கயே இருக்கலாம் யக்கா. காஞ்சா உனக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல."

எங்கள் ஊர்க் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். புல்லுக்கு டேங்கர். பெரியபாளையத்தம்மா, அடுத்த பிறவியில் என்னைக் கம்பெனிப் புல்லாகப் பிறக்க வை.

ஜூன் 13, வெள்ளி

தண்ணீர் விட்டேன். வீட்டில் விளக்கேற்ற மறந்துபோனேன். அம்மா, கோபித்துக்கொள்ளாதே.

ஜூன் 17, செவ்வாய்

ஷிப்டு முடிந்தால் கேன்டீனுக்குக் குறுக்கு வழி என் புல் மேலேதான். ஈரத்தில் பூட்ஸ் புதைகிறது, விரித்த புல் கிளம்பி வருகிறது. போர்டு வைத்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு ஷூ லேஸ் கட்டுகிறார்கள். கயிறு கட்டினார்கள். ஒருத்தர் தூக்கிப் பிடிக்க ஒருத்தர் குனிந்து போகிறார்கள், அவ்வளவு மரியாதை. தடுக்க வேண்டிய செக்யூரிட்டி லோகுவே டீ கிளாஸோடு நடுப் புல்லில் வருகிறான். கேட்டால், மெதுவாகத்தானே நடக்கிறேன் என்கிறான்.

நானும் கத்திக்கினே இருக்கேன், எவனுக்குக் காது கேக்குது? இந்த வேலையும் போச்சுன்னா, ஊட்ல அந்த மனுசன் மூஞ்சியையே பாத்துக்கினு உக்காரணுமா நான்?

ஜூன் 18, புதன்

ஒரு கருங்கல்லை எடுத்து மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நடுப் புல்லில், புதிதாக நட்ட ஈச்சங்கன்றின் அடியில் நிறுத்தினேன். பக்கத்தில் ஒரு கொத்து வேப்பிலை. "அம்மா, நீ இதுல வந்து உக்கார வேணாம். இருக்கிற மாதிரி இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஒரு கால் படவில்லை. எல்லாரும் ரோட்டைச் சுற்றிப் போகிறார்கள். லோகு தூரத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொள்கிறான். புல்லின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக வேர் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது, இழுத்தால் வர மாட்டேன் என்கிறது. சரவணகுமாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். போர்டு வைத்ததால்தான் என்றார்.

ஜூன் 30, திங்கள்

கல் மேல் ஒரு எலுமிச்சம்பழம். நான் வைக்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

வைத்தது கேன்டீனில் பாத்திரம் கழுவும் கன்னியம்மா. வேண்டிக்கொண்டாளாம், மகளுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டதாம். இப்போது எல்லாரும் வருகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் புல்லில் கால் வைக்கிறார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் சுற்றுகிறார்கள். கல்லைச் சுற்றி செக்குமாடு போன தடம் மாதிரி விழுந்துவிட்டது.

கன்னியம்மாவை ஓரமாகக் கூப்பிட்டு, அது சாமி இல்லை, மிதிக்காமல் இருக்க நான் வைத்த கல் என்று சொன்னேன்.

"நீ எங்க வெச்ச? அவ உன் கையைப் புடிச்சி வெச்சிக்கினா. உனுக்கு இன்னா தெரியும்?"

பிறந்ததிலிருந்து அம்மனைக் கும்பிடுகிறேன். எனக்குத் தெரியாதாம்.

ஜூலை 8, செவ்வாய்

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு கல்லைப் பிடுங்கிவிடலாமென்று போனேன். குனிந்தேன். கை போகவில்லை. வர வேண்டாமென்று சொன்னதற்கே வீம்புக்கு வந்து உட்கார்ந்துவிட்டாளோ? அவளுக்கு அந்தக் குணம் உண்டு. நான் வைத்த கல்லுக்கு நானே கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினேன். இன்னா பேஜாரு இது.

ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி

புல் மேல் மூன்று செங்கல், அடுப்பு, அண்டாவில் கூழ். கம்பெனியே அங்கே நிற்கிறது. நான் ஹோஸோடு நின்றால், கால் கழுவத் தண்ணீர் காட்டச் சொல்கிறார்கள். சரவணகுமார் வேகமாக வந்தார். கலைத்துவிடுவார் என்று நினைத்தேன். பூட்ஸைக் கழற்றினார், தேங்காய் உடைத்தார், கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்றார். இன்னா சார் வேண்டிக்கினீங்க என்று கேட்டேன்.

"பெரியவங்க வர்ற வரைக்கும் புல்லு பச்சையா இருக்கணும்னுதான் யக்கா."

அவர் நின்ற இடத்தில் புல்லே இல்லை.

ஜூலை 28, திங்கள்

வந்தார்கள். வெறும் மண்ணைக் காட்டி ஏதோ கேட்டார்கள். சரவணகுமார் கல்லைக் காட்டி ஏதோ சொன்னார். உடனே எல்லாரும் ஷூவைக் கழற்றிக் கைகூப்பி, வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த பச்சையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார்களாம். அத்தனை பேரும் என்னைக் கைகாட்டினார்கள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வேலை போகவில்லை. புல்தான் போனது. சுருட்டி எடுக்க வரவில்லை, கடப்பாரை போட்டு நெம்பினார்கள். வேர் அப்படிப் பிடித்திருந்தது. டைல்ஸ் போட்டு, மேலே தகரக் கூரை வருகிறதாம். இனிமேல் காலையிலும் சாயங்காலமும் நான் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றி மஞ்சள் பூச வேண்டும். உச்சி வெயிலிலும் ஊற்றலாம், தடை இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

குப்பையில் கிடந்த புல்லில் ஒரு துண்டு எடுத்து வந்து கிணற்றடியில் பதித்திருந்தேன். குளிக்கிற தண்ணீர்தான் அதற்கு. இன்று காலையில் பார்த்தால், எங்கள் வீட்டுக்காரர் அதன் மேலேயே நின்று பல் விளக்குகிறார். மஞ்சள் டப்பாவைக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

வேலி ஓரத்தில் கருவேல முள் வெட்டி வந்து சுற்றிப் போட்டேன். முள்ளை எவனாவது கும்பிடுவானா இன்னா?