ரெண்டு நிலா

மார்ச் 3

மன்னித்துக்கொள், நோட்டே. மணி பதினொன்றே முக்கால். இந்த நேரத்தில்தான் எனக்குக் கை ஒழிகிறது.

எதிர்க் கட்டடத்து செல்போன் கோபுரத்தில் பருந்து கூடு கட்டியிருக்கிறது. "குஞ்சு பொரிச்சிருச்சாம்மா?" என்று வாண்டு தினமும் பத்துத் தடவை கேட்கிறாள். பொழுது சாய்ந்தால் நிலாவில் என்ன கறுப்பு என்று கேள்வி. ஏழு வயசுக்கு வாய் ஓயாதா? பைனாகுலர் வாங்கித் தருவதாக வாயை விட்டுவிட்டேன்.

பறவைக்கும் நட்சத்திரத்துக்கும் ஒன்றே போதுமா? நம் கைக்கு அடங்குகிற விலையில் கிடைக்குமா? கண்ணுக்குக் கெடுதல் வருமோ? அவர் சிரிக்கிறார்: "ராக்கெட் விடுறவங்ககூட இவ்வளவு யோசிக்க மாட்டாங்கடீ."

மார்ச் 8

வாங்கியாயிற்று. கடைக்காரர் முதலில் உள்ளங்கைக்குள் மடங்குகிற ஒன்றைத்தான் காட்டினார். "குழந்தைக்குன்னா இது போதும்மா. எட்டு மடங்கு பெருசாக் காட்டும், கனமும் இல்ல." பொம்மை மாதிரி இருந்தது. பக்கத்திலேயே தள்ளுபடியில் பெரியது ஒன்று. பத்து மடங்கு, அகலக் கண்ணாடி, மங்கலான நட்சத்திரமும் தெரியுமாம். விலையில் பெரிய வித்தியாசமும் இல்லை.

செருப்பு, சீருடை, மழைக்கோட்டு — எல்லாமே ஓர் அளவு பெரிதாகத்தானே வாங்குகிறேன்? வளர்கிற பிள்ளை.

"புள்ளையக் கூட்டிட்டு வந்து, கண்ணுல வச்சுப் பாத்துட்டு வாங்குங்களேன்" என்றார்.

"தள்ளுபடி இன்னியோட முடியுதே" என்றேன்.

மார்ச் 10

மொட்டை மாடி. "ரெண்டு நிலா தெரியுதும்மா!"

சிரித்தேன். திருகினேன், துடைத்தேன். "இப்போ?"

"இப்பவும் ரெண்டு."

பருந்துக் கூடும் இரண்டாம். கண்ணில் கோளாறா? இல்லை, தலையில் ஏதாவது…? எழுதவே கை வரவில்லை.

மார்ச் 14

கண் டாக்டர் அரை மணி நேரம் பார்த்தார். "ரெண்டு கண்ணும் முத்து மாதிரி இருக்கு. நீங்க முதல்ல நல்லாத் தூங்குங்க" என்று சொல்லிச் சீட்டை நீட்டினார்.

மாலையில் மாடிக்குப் போனோம். மறுபடியும் "ரெண்டு."

நாலு நாள் பயம் மொத்தமும் கோபமாகத் திரும்பிவிட்டது. சீட்டை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினேன். "டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டார். ஏண்டி பொய் சொல்ற? அம்மா பயந்து சாகறது உனக்கு வேடிக்கையா?" முதுகில் ஒன்று வைத்தேன்.

அவள் அழவில்லை. திரும்பவும் கண்ணில் வைத்துப் பார்த்தாள். "ஒண்ணுதாம்மா தெரியுது" என்றாள்.

மார்ச் 15

இன்றும் ஒன்றுதானாம். அப்பாடா.

மார்ச் 30

பருந்தைப் பற்றி வாண்டு கேட்டுப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது. பைனாகுலரும் தூசி படிந்து கிடந்தது. எடுத்து வைக்கலாம் என்று அட்டைப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு தாள்: இரு கண்களுக்கு இடையே 58 முதல் 72 மில்லிமீட்டர் உள்ளவர்களுக்கு.

டாக்டர் சீட்டையும் அதே பெட்டியில்தான் போட்டிருந்தேன். கடைசி வரி: கண்மணிகளுக்கு இடைத்தூரம் 51.

அவர் பைனாகுலரை வாங்கி மடக்கிப் பார்த்தார். "இதுக்கு மேல மடங்கலியே. அவ மூஞ்சிக்கு இது அகலம்டீ. ரெண்டு குழாயும் சேராம ரெண்டாத்தான் தெரிஞ்சிருக்கும்." அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "புள்ள உண்மையத்தான் சொல்லியிருக்கா" என்றார்.

எந்தச் சீட்டை ஆட்டி அடித்தேனோ, அதிலேயே எழுதியிருந்தது. டாக்டரிடம் நான் "எல்லாம் ரெண்டாத் தெரியுதாம்" என்றுதான் சொன்னேன். பைனாகுலரில் என்று ஒரு வார்த்தை… ஏன் சொல்லவில்லை? அவள் பொய் சொல்லவில்லை. நான் அடித்த பிறகுதான் பொய் சொன்னாள். கற்றுக்கொடுத்தது நான்.

ஏப்ரல் 7

அதே கடைக்கு, இந்தத் தடவை வாண்டுவோடு. கடைக்காரர் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. அது இன்னும் உறுத்தியது. அந்தச் சின்னப் பைனாகுலர்தான். நடுவில் இரண்டு கீல், அவள் முகத்துக்குத் தக்கபடி குறுகுகிறது. "நட்சத்திரம் கொஞ்சம் மங்கல்தாம்மா. நிலாவுக்கும் பறவைக்கும் தாராளம்."

மாலை மாடியில் அவள் கையில் கொடுத்தேன். கண்ணில் வைத்த கணமே சொன்னாள்: "ஒண்ணுதாம்மா தெரியுது. ரொம்ப நல்லாத் தெரியுது."

கண்ணாடிகளை மறைத்திருந்த முன்பக்கத்து மூடிகளை நான் இன்னும் கழற்றவே இல்லை.

ஏப்ரல் 8

வாண்டு,

உனக்குப் படிக்க வரும் என்று பெரிய எழுத்தில் எழுதுகிறேன். அன்றைக்கு நீ சொன்னது நிஜம். அம்மாதான் தப்பான பைனாகுலர் வாங்கினேன். தப்பாக அடித்தும்விட்டேன்.

நோட்டை உன் தலையணைப் பக்கத்தில் வைக்கிறேன், புதுப் பைனாகுலரும் இருக்கிறது. மூடியைக் கழற்றிவிட்டேன். காலையில் ஜன்னல் வழியாகக் கூட்டைப் பார். குஞ்சு இருக்கிறதா? ஒன்றா, இரண்டா? ஒன்றுமே தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுது. அம்மா திட்டமாட்டேன்.

கீழே இடம் விட்டிருக்கிறேன். சீக்கிரம் பதில் எழுது, கண்ணு.