வலி குறைந்த காலுக்கு

அன்புள்ள வாலுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் நல்லா இருக்கேம்மா என்று மழுப்புவாய். காலைப் பற்றிப் பேச்செடுத்தாலே போனை வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதமும் பேனாவும். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. உன் அண்ணி வேலை மாறினாள், புது ஆபீஸில் ஒரு ஜன்னல்கூட இல்லையாம், தினமும் புலம்பல், உன் அண்ணன் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்கிறான், அவனுக்கு அதுதான் நல்லது.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் முழங்காலுக்குக் கீழே எலும்பைத் தொட்டால் உயிர் போகிறது என்று எக்ஸ்ரே படத்தைப் போனில் அனுப்பினாயே, விரிசல் ஒன்றும் இல்லை, ஓடு என்றேன். மறுநாள் எங்கள் ஆய்வகத்து எக்ஸ்ரேக்காரரிடம் காட்டினேன். இந்த மாதிரி விரிசல் இப்போது படத்தில் விழாது, ஓட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்கட்டும் என்றார். அதை நான் உன்னிடம் சொல்லவில்லை. ஓட்டப்பந்தய அணியில் உன் பெயர் வந்த சந்தோஷத்தில் வாயை மூடிக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷமாக ஆய்வகத்தில் எலும்பை அறுத்து, தண்ணீர் விட்டுத் தேய்த்து, அடியில் வைத்த எழுத்து தெரிகிற அளவுக்கு மெலிதாக்கி மைக்ராஸ்கோப்பில் வைப்பவள், பெற்ற பெண்ணின் எலும்புக்குப் போனைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நேற்று ஒரு பந்தயக் குதிரையின் கால் எலும்பு வந்தது. வெளியே கல் மாதிரி இருந்தாலும் உள்ளே சன்னமான குழல்கள் நெருக்கியடித்து நிற்கும், ஒவ்வொன்றையும் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு துளை, சுற்றிலும் வெங்காயத்தை நறுக்கினாற்போல் வளையங்கள். குழலின் ஓரத்தில் ஒரு வரப்பு உண்டு, மயிரிழை விரிசல் வந்தால் பெரும்பாலும் அதில் முட்டி நின்றுவிடும், இல்லை சுற்றிக்கொண்டு போய் ஓய்ந்துவிடும். அதனால்தான் நீ அத்தனை வேகத்தில் குதித்து ஓடியும் கால் தாங்குகிறது. ஆனால் ஓயாமல் ஓடினால் விரிசல்கள் சேர்ந்துபோகும். எலும்பு சும்மா இருக்காது, பழுதானதைத் தோண்டி எடுக்கும், அதற்கே மூன்று வாரம், புதுசாக நிரப்ப மூன்று மாதம். நடுவில் இருக்கிற அந்த நாட்களில் அது முன்னைவிடப் பலவீனம். குதிரையின் எலும்பில் தோண்டிய குழிகள்தான் நிறைய, நிரப்பியது சொற்பம். ஓடும்போதே ஒடிந்ததாம். முந்தின வாரம் நொண்டவே இல்லை என்று அதை வளர்த்தவர் அழுதாராம். போன ஞாயிற்றுக்கிழமை வலி குறைந்துவிட்டது என்று நீயும் சொன்னாய்.

இன்று காலை உன் கோச்சுக்குப் போன் பண்ணினேன். நான் மறைத்ததையும் மறைக்காமல் சொன்னேன். பந்தயத்திலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டு ஸ்கேனுக்கு அனுப்புவதாகச் சொன்னார். இது உன் கைக்கு வரும்போது உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். நாலு வருஷமாக நீ காத்திருந்த பந்தயம், உன்னைக் கேட்காமல் கெடுத்தவள் நான்தான், கோச்சைக் குறை சொல்லாதே. ஒரு வருஷம் பேசாமல் இரு, தாங்கிக்கொள்வேன். சொந்தக் காலில் நடந்து வந்து என்னோடு சண்டை போட்டால் போதும்.

நீ நூறு வயசு நன்றாக இருக்கணும். டாக்டர் சொல்கிறவரை ஹாஸ்டல் மாடிப்படி ஏறாதே, சாப்பாட்டைக் கீழே கொண்டுவரச் சொல்.

உன் கோபத்துக்குப் பயந்தபடி,
அம்மா