உங்கள் அண்ணன் அனுப்பச் சொன்ன அறிக்கை

விளாங்குடி, மதுரை
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பி ஸ்ரீநாத்துக்கு,

அண்ணி ஹம்சவேணி எழுதுவது. சிங்கப்பூரில் நீங்களும் உங்கள் மனைவியும் பெண் குழந்தைகள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் பாதியிலேயே அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம். கூட வைத்திருக்கும் ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதலில் இதைப் படியுங்கள்.

உங்கள் அண்ணனின் கடைசி ஐந்து மாதங்களைப் பற்றி யாரும் உங்களிடம் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். தை மாதம் ஒருநாள், பள்ளிக்கூடம் விட்டு ஸ்கூட்டரில் வந்தவர், காளவாசல் சிக்னலில் வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றுவிட்டார். இருபத்தாறு வருடம் போய்வந்த வழி. பிறகு நடை தள்ளாடியது, கை தானாக வெட்டி வெட்டி இழுத்தது. ஸ்கேன், முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர் சரண்யாதேவி, இது மூளையை அழிக்கும் பிரையான் நோய், மருந்து கிடையாது, சில மாதங்கள்தான் என்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இவர் உயிரியல் வாத்தியார் அல்லவா, முதல் கேள்வியே வேறு. "டாக்டரம்மா, நான் கண்தானத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். என் கண்ணு வழியா இது இன்னொருத்தருக்குப் போயிருமா?" போக வாய்ப்பு உண்டு என்றார் அவர். அன்று சாயங்காலமே, எழுத்துக் கோணிக்கொண்டு போனபோதும், தன் கையாலேயே எழுதி அதை ரத்து செய்தார். மூளையை மட்டும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று இன்னொரு தாளில் ஒப்புதல் கொடுத்தார். இறந்த அன்று, கண்ணைக் கொடுக்கவில்லையா என்று எத்தனை பேர் குறையாகக் கேட்டார்கள் தெரியுமா? காரணத்தைச் சொல்லச் சொல்ல எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

தெருவில் பலர் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வீட்டு ஆட்டோ டிரைவர் அழகுபாண்டி மட்டும் வந்து, தொட்டால் ஒட்டுமா என்று நேராகவே கேட்டார். இவருக்கு வகுப்பு எடுப்பது போல உற்சாகம் வந்துவிட்டது.

"தொட்டா, சேந்து சாப்பிட்டா ஒட்டாது அழகு. இது வைரஸும் இல்ல. வைரஸ்னா அதுக்குள்ள ஒரு மரபுச் செய்தி இருக்கும். நம்ம செல்லுக்குள்ள புகுந்து, என்னையப் பிரதி எடுன்னு உத்தரவு போடும். இதுல அந்தச் செய்திகூட இல்ல. வெறும் புரதம், மடிப்பு பிசகிருச்சு. பக்கத்துல இருக்கிற நல்ல புரதத்தையும் தன்னை மாதிரியே மடிச்சிருது. அப்படியே பெருகி மூளை நரம்பை அழிக்குது."

"உசுரே இல்லாத ஒண்ணா அண்ணே இம்புட்டு ஆட்டம் காட்டுது?" என்றார் அழகுபாண்டி. உங்கள் அண்ணன் அன்று சிரித்த சிரிப்பு! தன்னைக் கொல்ல வந்ததைக்கூட ஆச்சரியமாகப் பார்க்க அவரால் முடிந்தது. மறுநாளிலிருந்து அழகுபாண்டிதான் அவரைத் தூக்கிக் குளிக்க வைத்தார்.

இப்போது அந்தக் காகிதம். அப்பாவும் இப்படி நினைவு தப்பித்தான் போனார், இது நம் ரத்தத்திலேயே இருக்கிறதா என்று நீங்கள் ஒருமுறை போனில் கேட்டீர்கள். அதன் பிறகு உங்கள் போன் குறைந்தது. அவர் புரிந்துகொண்டார். பேச்சு குழறத் தொடங்கிய நேரத்தில் டாக்டரிடம் மரபணுச் சோதனை எடுக்கச் சொன்னார். "எனக்கு இனித் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? என் தம்பிக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு. அவன் நிம்மதியாத் தூங்கணும்."

முடிவு, அவர் போன பிறகு, இந்த வியாழக்கிழமைதான் வந்தது. அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் எந்தப் பிழையும் இல்லை. இது தானாக நேர்ந்தது, பரம்பரையாக வந்ததல்ல, அப்பாவுக்கு வந்தது வேறு நோயாகத்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். நான் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

நீங்கள் வராததை அவர் ஒருநாளும் குறையாகப் பேசவில்லை. "பயந்திருப்பான்," அவ்வளவுதான் சொன்னார். நானும் பேச மாட்டேன்.

பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு எல்லோரும் வாருங்கள், தம்பி. ஓட்டலில் அறை எடுக்க வேண்டாம். நம் வீட்டிலேயே, அவர் இருந்த அறையிலேயே தங்குங்கள். நீங்களும் குழந்தைகளும் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
அண்ணி ஹம்சவேணி லட்சுமிநாராயணன்