பேனாவால் போட்ட ஓட்டு

கோபக்காரனுக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே துண்டித்துவிடுவாய் என்று இதைப் பார்சல் வேனில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே உப்பில் ஊறிய தக்காளியும் வருகிறது.

நம் மோல்டோவாவில் வாக்குச்சீட்டுகளை எரிப்பதாக இத்தாலியிலிருந்து குடும்பக் குழுவுக்கு ஒரு வீடியோ அனுப்பினாய். "எல்லாம் ஃபிராடு, இந்தத் தடவை நான் ஓட்டே போடமாட்டேன்" என்றாய். நம் இலிங்கா, பொய் வீடியோவைக் கண்டுபிடிக்கப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி, அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டுக் குழுவிலேயே பேசி அனுப்பினாள்.

"அப்பா, இது நம்ம நாடே இல்ல. நாம முத்திரைதானே குத்துவோம்? இதுல பேனாவால டிக் அடிச்சிருக்கு. இத்தனை வருஷமா ஓட்டுப் போடுற, இது கூடவா தெரியல?"

சொந்தக்காரர்கள் முன்னால் பெற்ற பெண் கேட்டால் சுருக்கென்றுதான் இருக்கும். அதற்காகக் குழுவை விட்டே போவதா? அவளிடம் பேசாமலே இருப்பதா?

நேற்று எனக்கு மட்டும் உன் படத்தை அனுப்பினாய். "வேலைல இருக்கேன், நல்லா இருக்கேன்" என்றாய். அதையும் அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். சட்டைக் கையின் விளிம்பில் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குக் கட்டும் பெயர்ப் பட்டை தெரிந்தது.

"அம்மா, இதையும் கேட்கட்டுமா?"

வேண்டாம் என்றேன். அவள் அழுதாள்.

யார் யாருடைய பொய்யையோ எங்களுக்கு அனுப்புகிறாய். உன் உண்மையை மட்டும் ஏன் மறைக்கிறாய்?

வேன் தேர்தலுக்கு முன்பே திரும்பிவிடும். ஆட்களையும் ஏற்றும்; அதில் உனக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஓட்டை இங்கேயே போடலாம்.

அந்தப் படத்தை நம்பாத
உன் மனைவி