ஒரே வீட்டின் இரு கட்சியாரை விடுவிக்கும் ஓலை

நலம் பெருகுக. மழை பிழையாத வெண்டுறை நாட்டைச் செங்கோல் தாழாது ஆளும் பேரரசி இளவெயினியார் திருவாணைப்படி, மூத்த அமைச்சன் அவிநயன் எழுதுவது. கடற்கொள்ளையரை ஓட ஓட விரட்டிய வீரர், தாழையூர்த் துறைமுகக் காவலர் மாறன் கொற்றனார் கண்டு மகிழ்க. உம் துறையில் கலங்கள் நெருங்குக; உம் மனையில் அடுப்பு அணையாதிருக்க.

நீர் விடுத்த ஓலை அவையில் படிக்கப்பட்டது. அமெரிக்க நாட்டிலிருந்து மிளகு வாங்க வந்த கணவன் மனைவி இருவர், சுங்கச் சாவடியில் தம் நாட்டுத் தேர்தலைக் குறித்து உரத்த குரலில் வாதிட்டதாக எழுதியிருந்தீர். மனைவியின் மார்பில் யானைச் சின்னமும் கணவர் மார்பில் கழுதைச் சின்னமும் இருக்கக் கண்டு, இவர்கள் இரு பகைப்படைகளின் ஒற்றர்கள் என்று துணிந்து, தனித்தனிச் சிறையில் வைத்ததாகவும் எழுதியிருந்தீர். யானை நம் அரச இலச்சினை ஆயிற்றே என்று லொரெட்டா அம்மையாருக்குப் பஞ்சணையும் பால்சோறும் அளித்த நீர், கழுதையைச் சுமப்பது எந்தக் குற்றத்துக்கான தண்டனை என்று அவர் கணவர் ஹார்வியாரைத் துருவித் துருவி விசாரித்தீராம். பேரரசியார் சிரித்த சிரிப்பில் சாமரம் வீசுவோரும் கை ஓய்ந்து நின்றார்கள். உம் வீரத்தில் எமக்கு ஐயமில்லை. விசாரணையை மட்டும் சற்றுக் குறைத்துக்கொள்ளும்.

இனி நீர் கேட்டவற்றுக்கு விடை. அந்நாட்டில் அரசர் இல்லை. ஆகவே இவர்கள் எந்த அரசரின் ஆட்கள் என்ற கேள்விக்கே இடமில்லை. குடிமக்கள் நான்காண்டுக்கு ஒருமுறை தங்கள் தலைவரைத் தேர்கிறார்கள். கட்சிகள் பல உண்டு எனினும் பெரியவை இரண்டே. யானை குடியரசுக் கட்சிக்கு உரியது, கழுதை சனநாயகக் கட்சிக்கு உரியது. கழுதை தண்டனையன்று, முன்னாளில் எதிராளிகள் ஏளனமாகச் சொன்னதை அவர்களே உவந்து எடுத்துக்கொண்டார்கள் என்பர். குடியரசுக் கட்சியார் பெரும்பாலும் வரி குறைய வேண்டும், வாணிகத்தில் அரசின் கை நீளலாகாது, துப்பாக்கி வைத்திருப்பது குடிமக்கள் உரிமை என்பார்கள். சனநாயகக் கட்சியார் பெரும்பாலும் செல்வர் கூடுதல் வரி தரட்டும், மருத்துவத்துக்கும் ஏழையர் வாழ்வுக்கும் அரசு துணை நிற்கட்டும், துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வரட்டும் என்பார்கள். பெரும்பாலும் என்று நான் எழுதியதைக் கவனியும். ஒரே கட்சிக்குள்ளும் ஒத்துப்போகாதவர் ஏராளம். கட்சி பிறப்பால் வருவதன்று. விரும்பினால் மாறலாம், எதிலும் சேராமலும் இருக்கலாம். இவற்றில் எது சரி என்றும் கேட்டீர். அது அவர்கள் வழக்கு. நாம் மிளகு விற்பவர்கள்.

உம் ஓலையின் கடைசிப் பகுதிக்கு வந்தபோது அவையில் சிரிப்பு நின்றது. இருவரும் தத்தம் ஓட்டை முத்திரையிட்ட உறையில் வைத்திருக்கிறார்கள் என்றும், அவை பௌர்ணமியன்று புறப்படும் கலத்தில் ஏறாவிட்டால் தேர்தலுக்குப் போய்ச் சேரா என்றும், லொரெட்டா அம்மையார் தம் உறையோடு கணவரின் உறையையும் அனுப்பும்படி மன்றாடுகிறார் என்றும் எழுதியிருந்தீர். கணவரின் ஓட்டு தம் ஓட்டைச் சரிக்கட்டிவிடும் என்று அவரே ஒப்புக்கொள்வதால், இதில் பெரும் சூது இருக்கிறது என்பது உம் முடிவு. கொற்றனாரே, சூது ஏதும் இல்லை. தம்மை எதிர்க்கும் ஓட்டு என்று தெரிந்தே, அதுவும் எண்ணப்பட வேண்டும் என்று அவர் கேட்கிறார். எனக்குக் கண் கலங்கிற்று. பேரரசியார் அந்த வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டார்.

ஆணை வருமாறு. இவ்வோலை கண்டவுடன் இருவரையும் விடுவித்து, கடல் நோக்கிய விருந்தினர் மாளிகையில் ஒன்றாகக் குடிவையும். பஞ்சணையும் பால்சோறும் இருவருக்கும் ஆகுக. வாதம் உடனே மறுபடி தொடங்கும். நீர் நடுவராகப் போய் நிற்க வேண்டாம். உறைகளை எவரும் பிரிக்கலாகாது. எத்துணை நல்ல காற்று வாய்த்தாலும், இரண்டு உறையும் ஏறாமல் அக்கலம் பாய் விரிக்கலாகாது. மீறுவோர் நம் துறை எதிலும் நங்கூரம் இறக்கார்.

அரச இலச்சினை இட்டு, விரைவுக் குதிரையில் விடுத்தோம்.

இலச்சினைக்குக் கீழே பேரரசியார் தம் கையால் எழுதியது: ஹார்வியின் ஓட்டையும் அனுப்பச் சொல்லி மன்றாடியது யார் என்பது தனிச் சிறையில் இருந்த அவருக்குத் தெரிந்திராது. நீரே நேரில் போய்ச் சொல்லும்.